"ஒரு குழுவில் சேர்ந்துகொள்" என்றார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை

குடியை விட நினைக்கும் ஒருவரிடம் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவது, "ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துகொள்" என்பதுதான். டாக்டர் சொன்னார், மனநல ஆலோசகர் சொன்னார், அலுவலகத்தில் என் நிலைமை தெரிந்த மேலாளரும் சொன்னார். அந்தக் குழு எங்கே கூடுகிறது, யாரைக் கேட்டால் தெரியும், உள்ளே போனால் என்ன நடக்கும், போன இடம் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தனியாகத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது, நல்ல வேலை ஒன்றும் கையைவிட்டுப் போனது. நான் ஒரு பெண் என்பதால் அந்தத் தேடல் இன்னும் கடினமாக இருந்தது. இன்றைக்கு யாராவது ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசியில் இதே தேடலைச் செய்துகொண்டிருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

குழுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்ற நிலை வரும். எங்கே இருக்கிறோம் என்ற தெளிவு போய்விடும், காய்ச்சல் ஏறும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுத்துவிடக்கூடிய நிலை அது. இதில் ஒரு வரிகூட எனக்கு அப்போது தெரியாது. மனஉறுதி இருந்தால் போதும், நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தேன். யாருக்கும் சொல்லாமல் வீட்டில் இருந்தபடியே நிறுத்தினேன். இரண்டாம் இரவு சுவரெல்லாம் பூச்சிகள் ஊர்வது தெரிந்தது. போன் எடுக்கவில்லையே என்று தேடி வந்த என் தங்கைதான் என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே சில நாட்கள் டாக்டரின் கண்காணிப்பில் மருந்து கொடுத்தார்கள். டயஸெபாம், லோரஸெபாம் போன்ற மருந்துகளைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினையும் ஊசியாகப் போட்டார்கள். நீண்ட நாள் குடித்தவர்களின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அந்தக் குறைபாடு மூளையைப் பாதிக்கும் என்று நர்ஸ் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரைகளை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள நினைக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் அவை மூச்சையே அடக்கிவிடும். தினமும் குடிப்பவர் என்றால் நிறுத்தும் தேதியை டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது என்றால் இதில் யோசிக்கவே எதுவும் இல்லை. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த சீட்டின் கடைசி வரி, "ஆதரவுக் குழுவில் சேரவும்" என்றிருந்தது. அவ்வளவுதான். பெயர் இல்லை, எண் இல்லை. நானும் தங்கையும் அந்த வரியை வைத்துக்கொண்டு தேடியபோது முதலில் கண்ணில் பட்டவை எல்லாம் பணம் கட்டித் தங்கும் மறுவாழ்வு மையங்கள்தான். பளபளப்பான படங்கள், 'நிரந்தரக் குணம் உத்தரவாதம்' என்ற வாசகம். பயந்துபோயிருந்த எங்களுக்கு அந்த 'உத்தரவாதம்' என்ற சொல்லே பெரிய ஆறுதலாக இருந்தது. முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். உள்ளே டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையும் மாலையும் ஒரே சொற்பொழிவு. நாள் முடிந்ததும் ஒரு சான்றிதழைக் கொடுத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். வெளியே வந்த பிறகு யாரைப் பார்ப்பது, எங்கே போவது என்று கேட்டதற்கு, "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. சில வாரங்களில் நான் மறுபடியும் குடித்துக்கொண்டிருந்தேன். கட்டிய பணத்தில் ஒரு பகுதிகூடத் திரும்ப வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

எல்லா மையங்களும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். நல்ல மையங்களில் மீண்டு வந்தவர்களைப் பிற்பாடு நேரிலேயே பார்த்தேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். இரவில் டாக்டர் அல்லது பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்கிறாரா? அரசிடம் உரிமம் பெற்ற இடமா? பாதியில் வெளியேறினால் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், அதை எழுதித் தருவார்களா? குடும்பத்தோடு பேச அனுமதி உண்டா? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: வெளியே போன பிறகு அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள். நிரந்தரக் குணம் என்று யார் உத்தரவாதம் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். குடிநோய் மீண்டும் தலைதூக்கக்கூடிய நாட்பட்ட நோய், நேர்மையான எந்த டாக்டரும் அப்படி உறுதி கொடுக்கமாட்டார். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துகொடுக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளும் இதே ரகம்தான். அவற்றில், மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்தால், அது தெரியாமல் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு, டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஒரு மனநல மருத்துவர், குடி வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன என்று சொன்னார். அப்படி மருந்துகள் உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துப் பார்த்த பிறகு ஒன்றை எழுதிக்கொடுத்தார். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், வாரம் முழுவதும் பேச மனிதர்கள் வேண்டும் என்று அவரும் குழுவைத்தான் சொன்னார்.

மறுபடியும் தேடல் தொடங்கியது. எழுதி வைத்திருந்த முகவரிகளில் ஒன்று, கூட்டம் நின்றுபோய் வெகுகாலமாகிய இடம். இன்னொன்றில் கிழமை மாறிவிட்டிருந்தது. வேலை முடிந்து, நடுங்கிக்கொண்டே பஸ் ஏறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது சாதாரண ஏமாற்றமாக முடிவதில்லை. வரும் வழியில் மதுக்கடை திறந்துதான் இருக்கும். அதனால் சொல்கிறேன், எழுதி வைத்த நேரத்தை நம்பி ஒருபோதும் கிளம்பாதீர்கள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்புக்குப் பெரும்பாலான நாடுகளில் உதவித் தொலைபேசி எண்ணும் கூட்டங்களின் பட்டியலும் உண்டு. அவர்களுடைய சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணை எடுத்து, கிளம்பும் அன்றைக்கே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில சமயம் தேடலில் முதலில் வரும் 'உதவி எண்', பணம் வாங்கும் மையத்தின் விற்பனைப் பிரிவாக இருக்கும். எடுத்தவுடன் உங்கள் காப்பீட்டைப் பற்றியும் முன்பணத்தைப் பற்றியும் கேட்டால் அது ஆதரவுக் குழு கிடையாது, வைத்துவிடுங்கள். பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளருக்குப் பக்கத்தில் உண்மையில் நடக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் தெரிந்திருக்கும். எனக்கு நடப்பில் உள்ள நேரத்தைச் சரியாகச் சொன்னவர் அப்படி ஒரு பணியாளர்தான்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு என்பதையும் அவரே சொன்னார். திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், குடும்பத்தார், மாணவர்கள், சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர் என்று. மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு, அல்லது தனக்கு அது இருக்குமோ என்று நினைப்பவர்களுக்கு மட்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் திறந்த கூட்டத்துக்கு ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். என்னோடு தங்கை வந்தாள். வாசலில் நான் திரும்பிவிடப் பார்த்தபோது, "அக்கா, உள்ளே போய் உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம்" என்றாள்.

உண்மையில் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பதிவேட்டில் கையெழுத்து வாங்கவில்லை, முழுப் பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. விரும்பியவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றேன், தலையசைத்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. முடிவில் ஒரு பை சுற்றி வந்தது. புதியவர்கள் போட வேண்டாம் என்றார்கள். உறுப்பினர் கட்டணம் என்று ஒன்றே கிடையாது, வெளியாரிடமிருந்து நன்கொடையும் வாங்குவதில்லை. உறுப்பினராவதற்கு இருக்கும் ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியில் சிக்கித் தவித்த ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவரிடம் ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியதுதான் இந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடித்தவரிடம் குடித்தவர் பேசுவது என்ற அதே முறையில்தான் இன்றும் நடக்கிறது. அந்த மையத்துக்கு நான் கட்டிய தொகையை நினைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. இது இலவசமாக, வாழும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

ஆனால் முதல் குழுவிலேயே எல்லாம் அமைந்துவிடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். பெரும்பாலானவர்கள் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் உதவுகிறேன் என்று எண்ணை வாங்கிக்கொண்டு இரவு வெகுநேரம் கழித்து அழைக்கத் தொடங்கினார். மனம் நொந்துபோய், பிடிக்க ஒரு கிளை கிடைக்காதா என்று இருக்கும் புதியவர்களிடம் நெருங்கப் பார்ப்பவர்கள் எந்தக் குழுவிலும் ஓரிருவர் இருக்கக்கூடும். அதற்காகக் கூட்டத்தையே விட்டுவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கூட்டத்தை நடத்துபவரிடமோ மூத்த உறுப்பினரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். எண்ணைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வழிகாட்டியாக ஒரு ஸ்பான்சரைத் தேர்ந்தெடுக்கும்போது பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது நெடுநாள் வழக்கம், அதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெண்கள் மட்டும் கூடும் கூட்டங்களும் இருக்கின்றன. 'விமன் ஃபார் சோப்ரைட்டி' என்ற அமைப்பு 1975-இலேயே பெண்களுக்கென்று தொடங்கப்பட்டது. உங்கள் பகுதியில் அப்படி நேரடிக் கூட்டம் இல்லாவிட்டால், காணொளி வழியாக ஒரு பெண்கள் கூட்டத்தில் சேர்ந்து, நேரில் வேறொரு கூட்டத்துக்கும் போகலாம். நான் சில மாதங்கள் அப்படித்தான் சமாளித்தேன்.

இன்னொரு கூட்டத்தில் ஒருவர், "மாத்திரை போடுகிறவரை நீ தெளிந்ததாகக் கணக்கில்லை" என்று என்னிடம் சொன்னார். இது ஆபத்தான பேச்சு. டாக்டரைக் கேட்காமல் குடியைத் திடீரென்று நிறுத்தியது எங்கே கொண்டுபோய் விட்டது என்று ஒருமுறை அனுபவித்திருந்ததால், மருந்தை நானாக நிறுத்தாமல் தப்பித்தேன். உறுப்பினர்கள் யாரும் மருத்துவர் வேலையைச் செய்யக்கூடாது என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் வெளியீடுகளே தெளிவாகச் சொல்கின்றன. யார் எவ்வளவு வருடம் குடிக்காமல் இருந்தவராக இருந்தாலும் சரி, மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் செல்லும்.

கடவுள் விஷயமும் பலரைத் தடுக்கும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்சிக்கு வழியாக வைத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ஆனால் 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒத்துவராவிட்டால் 1994-இல் தொடங்கப்பட்ட 'ஸ்மார்ட் ரிகவரி' என்ற அமைப்பு இருக்கிறது. அது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது, கடவுள் பேச்சு கிடையாது, வாழ்நாள் முழுவதும் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் 'குழுக்களே எனக்குச் சரிப்படாது' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரே அமைப்பின் இரண்டு கூட்டங்களே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சில தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்கான குழு எது என்று நான் உணர்ந்தது அங்கே நடந்த ஒரு சம்பவத்தில்தான். நீண்ட காலம் குடிக்காமல் இருந்த ஒரு பெரியவர், மகளின் மறைவுக்குப் பிறகு மறுபடியும் குடித்துவிட்டுத் தலைகுனிந்து வந்து உட்கார்ந்தார். யாரும் காரணம் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "வந்துவிட்டீர்களே, அது போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் இருவர் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். விழுந்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஒரு குழுவை எடைபோட வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். வேறு சில அடையாளங்களும் உண்டு. பல வருடமானவர்களும் நேற்று வந்தவர்களும் கலந்து இருப்பார்கள். அங்கே பேசியது வெளியே வந்து உங்கள் காதில் விழாது. வராத நாளில் ஒருவராவது விசாரிப்பார். எந்தப் பொருளையும் உங்களிடம் விற்கமாட்டார்கள்.

அந்தக் குழுவுக்கு நான் வந்து சேர்ந்த விதத்தில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. சமூகப் பணியாளர் இந்த முறை முகவரியைக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. என் எதிரிலேயே போன் செய்து, ஒரு பெண் உறுப்பினரிடம் பேசவைத்தார். அந்த அம்மா அன்று மாலை பஸ் நிறுத்தத்திலேயே எனக்காகக் காத்திருந்தார். தனியாக என்றால் அந்த வாசலைத் தாண்டியிருக்கமாட்டேன். இது என் ஒருத்தியின் பலவீனம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான், பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் ஈடுபடவைப்பதற்கென்றே முறையாக வகுக்கப்பட்ட சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலானவையாக இருந்தன என்பது அதன் முடிவு. அதாவது, சிகிச்சையளிப்பவர் நோயாளியைக் குழுவோடு முனைந்து இணைத்துவிடும்போது பலன் கிடைக்கிறது. சீட்டில் ஒரு வரி எழுதிக்கொடுப்பது அந்த வேலையைச் செய்யாது. உங்கள் டாக்டரோ ஆலோசகரோ "குழுவில் சேருங்கள்" என்று சொன்னால், "இப்போதே, இங்கேயே ஒருவரோடு பேசவைக்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வெளியே வருபவர்களை முதல் கூட்டத்துக்கு உடன் அழைத்துச் செல்லும் உறுப்பினர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அப்படித் தங்களையும் ஒருவர் அழைத்துப் போனதால் வந்தவர்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். என் தங்கை என்னைக் காப்பாற்றுவதிலேயே தூக்கத்தை இழந்து மெலிந்துபோனாள். அவளுக்கென்று ஒரு குழு இருக்கிறது என்பதை அந்த அம்மாதான் சொன்னார். 1951-இல் தொடங்கிய அல்-அனான், குடிப்பவரின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் உரியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக இருக்கிறது. குடிப்பவர் இன்னும் நிறுத்த ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் போகலாம். தங்கை இப்போதும் போகிறாள், அவள் முகத்தில் பழைய களை திரும்பியிருக்கிறது.

இப்போது நானும் புதியவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் போனில் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நாட்களைத் தள்ளிப்போடுகிறார்கள். தயார் செய்துகொள்ள ஒன்றுமில்லை. குடித்திருக்கும்போதுகூட அழைக்கலாம். "எனக்குக் குடியை நிறுத்த வேண்டும். இது எனக்கு முதல் தடவை. இன்றோ நாளையோ பக்கத்தில் கூட்டம் இருக்கிறதா? அது திறந்த கூட்டமா? பெண்கள் வருவார்களா? யாராவது என்னோடு வர முடியுமா?" என்று கேட்டால் போதும். எதிர்முனையில் இருப்பவரும் ஒரு நாள் இதே கேள்விகளைக் கேட்டவராகத்தான் இருப்பார். யாரும் எடுக்காவிட்டால் அரை மணி நேரம் கழித்து மறுபடி அழையுங்கள், பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே இந்தத் தொண்டைச் செய்பவர்கள் அவர்கள்.